மனையும் குழாயும் கொடுங்கள். வீட்டை அவர்கள் கட்டிக்கொள்வார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னை ஆற்றங்கரைக் குடியிருப்புகளை அகற்றுவது பற்றிய செய்திகளில் எத்தனை வீடுகள் ஒதுக்கப்பட்டன என்ற கணக்கு தவறாமல் வருகிறது. அவை யாருடைய பிழைப்பை மனத்தில் வைத்து வரையப்பட்டன என்பது பேசப்படுவதில்லை.

நான் வளர்ந்தது வில்லிவாக்கத்தில், உலக வங்கிக் கடனுடன் 1977இல் தொடங்கிய சென்னைப் பெருநகர வளர்ச்சித் திட்டத்தில் பிரிக்கப்பட்ட சிறு மனை ஒன்றில். அரும்பாக்கத்திலும் கொடுங்கையூரிலும் இவ்வாறே மனைகள் தரப்பட்டன. சாலை, குடிநீர், கழிவுநீர்க் குழாய், மின்சாரம் ஆகியவற்றை அரசு அமைத்தது. வீட்டைக் குடும்பங்கள் கட்டிக்கொண்டன. என் தந்தை முதலில் ஓலை வேய்ந்தார். பணம் சேர்ந்தபோது சுவர் எழுப்பி ஆஸ்பெஸ்டாஸ் போட்டார். பல ஆண்டுகள் கழித்துத் தளம் போட்டு, மாடியில் ஓர் அறை கட்டி வாடகைக்கு விட்டார். தெருவைப் பார்த்த முன்னறையில் அம்மா தைத்துக்கொண்டிருப்பார். அந்த வாடகையில்தான் நான் படித்தேன். இந்தூரில் கட்டடக் கலைஞர் தோஷி வடிவமைத்த ஆரண்யா குடியிருப்பும் இதே எண்ணத்தில் எழுந்ததுதான்.

ஆற்றங்கரையிலிருந்து அகற்றப்பட்டவர்களைக் குடியேற்றும் பெரும்பாக்கத்தில் இன்று 20,000க்கும் மேற்பட்ட வீடுகள் எட்டு மாடி அடுக்குகளாக நிற்கின்றன. வாசலில் இட்லி சுட்டு விற்றவருக்கும் இஸ்திரி வண்டி வைத்திருந்தவருக்கும் ஆறாம் மாடியில் வாசல் ஏது? சிந்தாதிரிப்பேட்டையில் நடந்தே வேலைக்குப் போய் வந்த பெண்கள் இப்போது 20 கிலோமீட்டருக்கு மேல் பேருந்தில் செல்ல வேண்டியிருக்கிறது. கரையின் விளிம்பிலேயே இருக்கும் வீடுகள் அங்கே நீடிக்க முடியாது என்பதை ஏற்கிறேன். ஆனால் வெள்ள அபாயத்தைக் காட்டி அகற்றியவர்களைப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதியில் குடியேற்றி, அங்கேயும் மழைக்காலத்தில் தண்ணீரில் நிற்கவிடுவது எனக்குத் தாங்க முடியாத வேதனையைத் தருகிறது.

சந்து குறுகலாக இருப்பதால் இருக்கும் இடத்திலேயே வசதி செய்து தர இயலாது என்கிறார்கள். கனரக வாகனம் நுழையாத சந்தில் குழாயை ஆழமாகப் புதைக்க வேண்டியதில்லை. குறைந்த ஆழத்தில் சிறு குழாய் பதித்து, திருப்பங்களில் சிறு தொட்டி கட்டினால் போதும். கராச்சியின் ஒராங்கியில் 1980களில் மக்களே சந்து சந்தாகப் பணம் திரட்டி இப்படிக் கழிவுநீர்க் குழாய் பதித்திருக்கிறார்கள்.

சட்டமும் நம்மிடம் இருக்கிறது. 1971ஆம் ஆண்டின் குடிசைப் பகுதிகள் சட்டத்தின்கீழ் அவ்வாண்டே சென்னையில் 1,202 இடங்கள் குடிசைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. 1985இல் 17 மட்டும் சேர்ந்தன. பிறகு நெடுங்காலம் அறிவிக்கையே இல்லை. அறிவிக்கப்படாத பகுதிக்குக் குழாய் கேட்கும் உரிமையும் வலுவிழக்கிறது. அரசு அறிவிக்கையை மீண்டும் தொடங்க வேண்டும். இடித்துக் கட்டப்படும் பழைய குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளிலாவது தரைத்தளத்தைக் கடைக்கும் தொழிலுக்கும் ஒதுக்கி, வரைபடம் முடிவாகும் முன் அங்கு வாழ்பவர்களிடம் அதைக் காட்டிக் கருத்துக் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்,
வில்லிவாக்கம், சென்னை.