முதல்நாள் பின்னேரம் நடந்து பார்க்காத தம்பிக்கு

தம்பி,

அடுத்த துவக்குச் சூட்டுப் போட்டிக்கு நீர் டிக்கெட் போட்டுவிட்டீர் என்று அறிந்தேன். நான் போடவில்லை. இந்த முறை வருவதில்லை என்று போன கிழமைதான் முடிவெடுத்தேன். காரணம் உமக்குத் தெரியும். இங்கே வாசிக்கிற மற்றவர்களுக்கு அது தேவையில்லை. தொலைபேசியில் சொன்னால் "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்று கேட்டுவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவீர். அதுதான் எழுதுகிறேன்.

பட்டாயாவைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் இன்றுவரை ஒழுங்காகக் கதைக்கவில்லை. 2022 கடைசியில் தாய்லாந்தில் நடந்த ஐ.பி.எஸ்.சி. கைத்துவக்கு உலகப் போட்டி, ஓடி ஓடி இலக்குகளைச் சுடுகிற விளையாட்டு. 30 ஸ்டேஜ், அதாவது 30 சூட்டுக் களம், அதில் ஒன்று. எத்தனையாவது என்று எழுதமாட்டேன், எங்கள் ஸ்குவாட்டில், சேர்ந்து சுட்ட குழுவில், நின்றவர்களும் இதை வாசிப்பார்கள்.

32 ரவை (குண்டு) ஸ்டேஜ். மட்டை இலக்கு 14, இரும்பு இலக்கு 4. மட்டைக்கு இரண்டு, இரும்புக்கு ஒன்று, கணக்குச் சரி. இடதுபக்கச் சுவரில் ஒரு யன்னல், அதற்கு அப்பால் மூன்று நீலப் பரல்கள் (பீப்பாய்கள்). பரல்களுக்கு நடுவில் ஒரு மட்டை. கடைசிப் பரலுக்குப் பின்னால் இன்னொன்று, அதே உயரம், அதே சரிவு. முதலாவது மட்டை தொடக்க இடத்திலிருந்தே தெரியும், யன்னலாலும் தெரியும். பின்னால் நின்றதை எடுப்பதற்கு, அதாவது சுடுவதற்கு, ஃபோல்ட் லைன் என்கிற எல்லைப் பலகையின் இடது முனைக்கு இன்னும் இரண்டு எட்டு வைக்க வேண்டும். எல்லாரும் அப்படித்தான் திட்டம் போட்டிருந்தார்கள். நீரும்தான்.

வோக்-த்ரூ, சுடமுதல் ஸ்டேஜை நடந்து பார்க்கிற நேரம், முடிய ஒரு நிமிஷம் இருக்கும். நான் வந்து உம்முடைய காதுக்குள் சொன்னேன்: "யன்னலாலேயே இரண்டையும் எடும், அந்த இரண்டு எட்டும் மிச்சம்." என் கண்ணுக்குப் பரலுக்கு மேலால் அது வடிவாகத் தெரிந்தது. உம்முடைய கண் என் தோள் மட்டத்தில் இருக்கிறது என்பது எனக்கு அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை. நீர் கையை நீட்டிப் பார்த்தீர், ஒரு மட்டை தெரிந்தது, தலையாட்டினீர். தெரிந்தது எது என்று நானும் கேட்கவில்லை, நீரும் பார்க்கவில்லை.

தொடக்க இடத்தில் ஏற்கெனவே எடுத்த மட்டையையே யன்னலால் திரும்பவும் எடுத்தீர். ஆர்.ஓ., ஸ்டேஜ் நடுவர், பரலுக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்து, இரண்டு விரலைக் காட்டி "டூ மைக்", இரண்டு தவறல், என்றார், பிறகு தண்டனைக்கு ஒரு விரலைக் காட்டினார். ஒரு மட்டையில் நாலு ஓட்டை, நடுவில் மூன்று (அல்ஃபா), அதற்கு வெளியே ஒன்று (சார்லி). மற்றதில் முன்பு சுட்டவர்களின் ஓட்டைகளை மூடின ஒட்டுகள் மட்டும். அந்த நாலு ஓட்டைக்கும் நான்தான் ஒட்டு ஒட்டினேன். நீர் அப்போது விழுந்த ரவைக்கூடு (மகசின்) பொறுக்கிக்கொண்டு நின்றீர்.

மன்னிக்க வேண்டும். இதை மூன்று வருஷத்துக்கு முந்தியே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஸ்குவாட் முழுக்க நிற்க "அண்ணை சொன்னவர்" என்று நீர் சொன்ன அந்த இரண்டு சொல்லை நானும் இன்னும் விழுங்கவில்லை.

கணக்கைப் பாரும். உம்முடைய திட்டப்படியே சுட்டிருந்தால் சுமார் 150 புள்ளி, 25 செக்கன், புள்ளியைச் செக்கனால் பிரித்து வருகிற ஹிட் ஃபாக்டர் 6. நான் சொன்ன குறுக்கு வழி சரிவந்திருந்தால் அரைச் செக்கன் மிச்சம், 6.12. நடந்தது என்ன? தவறிய இரண்டுக்கும் பத்துப் பத்தாக 20, அந்த இலக்கை நோக்கிச் சுடவே இல்லை என்பதற்கு 10, கிடைக்காமல் போன புள்ளி 10. மொத்தம் 40. 110-ஐ 24.5-ஆல் பிரித்தால் 4.49. இரண்டு வீதம் கூட்டப் போய் கால்வாசியைக் கொடுத்தோம். கொடுத்தீர் என்று எழுத வந்தது, கொடுத்தோம் என்று மாற்றியிருக்கிறேன்.

இப்போது என் பக்க நியாயம். முதல்நாள் பின்னேரம், அன்றைய சூடு முடிந்த பிறகு, நான் ஆர்.ஓ.விடம் கேட்டு உள்ளே போய் அந்த ஸ்டேஜை முக்கால் மணித்தியாலம் நடந்தேன். நீர் ஹோட்டலில் படுத்திருந்தீர். ரொறன்ரோவுக்கும் அங்கேக்கும் 12 மணித்தியால வித்தியாசம், பகல் இரவாக மாறிக் கிடந்தது, விளங்குகிறது. எனக்கும் அதே 12 மணித்தியாலம்தான்.

இந்த முறை உம்மோடு நடக்க நான் இல்லை. ஆகவே கேளும்.

ஸ்டேஜ் படங்களை முன்கூட்டியே தருவார்கள். அதை வைத்துத் திட்டம் போடவேண்டாம், ரவைக் கணக்கை மட்டும் எழுதி வையும். படம் மேலேயிருந்து பார்த்துக் கீறியது. பரலின் உயரமும் யன்னலின் கீழ்விளிம்பும் அதில் விளங்காது. போய்ச் சேர்ந்ததும், அனுமதி கேட்டு உள்ளே போம். கேட்காமல் ஃபோல்ட் லைனுக்குள் கால் வைக்கக் கூடாது. முட்டுகளைக் கையால் அசைத்துப் பார்ப்பதும் வேண்டாம். குறி பார்க்க உம்முடைய வெறுங்கை மட்டும்தான். துவக்கின் எந்தப் பகுதியும், விளையாட்டுத் துவக்கும் சட்டப்படி கூடாது.

முதலில் நிற்கிற இடங்களிலிருந்து எண்ணும். எண்ணிக்கை 14 வந்தால் சந்தோஷப்பட்டு வெளியே வரவேண்டாம். அன்றைக்கு உமக்கும் 14 வந்தது. ஒன்றை இரண்டு தரம் எண்ணி, ஒன்றைக் காணாமல் விட்டாலும் 14 வரும். பிறகு ஒவ்வொரு மட்டையாகக் கிட்டப் போய், அதன் நெஞ்சுக்கு நேரே குந்தி, திரும்பிப் பாரும். அங்கேயிருந்து எந்த யன்னல் தெரிகிறது, எந்த முனை தெரிகிறது என்று மட்டையே உமக்குச் சொல்லும். இரண்டு இடத்திலிருந்து தெரிகிற மட்டைகளை மட்டும் கொப்பியில் வட்டமிட்டு, எந்த இடத்தில் எடுப்பது, எந்த இடத்தில் தொடாமல் விடுவது என்று எழுதும். பிழை வருவது இந்த வட்டங்களில்தான். பின்னால் இருக்கிற மரம், மண்அணையில் ஒரு வெடிப்பு, ஏதாவது ஒன்றை ஒவ்வொன்றுக்கும் அடையாளம் வையும். ஒட்டுகளை அடையாளம் வைக்கவேண்டாம், காலமை மட்டை மாற்றிவிடுவார்கள்.

கால் வைக்கிற இடமும் அப்படித்தான். "யன்னலுக்குக் கிட்ட" என்றால் அது இடமில்லை. ஃபோல்ட் லைன் பலகையின் ஆணித் தலை, இரண்டு பலகை சேருகிற மூட்டு, இப்படி ஒரு சாமான் வேணும். கையை முழுக்க நீட்டி, உம்முடைய கண் மட்டத்தில், சுடுகிற மாதிரி முழங்காலை மடித்துப் பாரும். நிமிர்ந்து நின்று பார்த்தால் தெரிகிற இலக்கு, மடித்தவுடன் பரலுக்குப் பின்னால் போய்விடும்.

ரவைக்கூட்டுக் கணக்கில் நீர் கவனமில்லை, இதை முன்பும் சொல்லியிருக்கிறேன். கனடாவில் கைத்துவக்குக்குப் பத்துதான் சட்டம். ப்ரொடக்ஷன் பிரிவில், நீர் போகிற இடத்தில், பதினைந்து. குழலில் ஒன்று, பத்துப் பத்தாக மூன்று, 31. குழலில் ஒன்று, பதினைந்து பதினைந்தாக இரண்டு, அதுவும் 31. 32 ரவை ஸ்டேஜில் இரண்டு விதத்திலும் ஒன்று குறையும். ஒன்றும் தவறாமல் சுட்டாலும் இன்னொரு ரவைக்கூடு மாற்றத்தான் வேணும், கடைசி இலக்கில் ரவை முடிந்து சிலைட் பின்னால் நின்ற பிறகு தேடக் கூடாது. ஒரே இடத்திலிருந்து ஒன்பது சூட்டுக்கு மேல் தேவைப்படும்படி ஸ்டேஜ் அமைக்கமாட்டார்கள், ஆகவே இங்கே பழகின கால் ஒவ்வொரு இடம் விட்டு வெளிக்கிடும்போதும் ரவைக்கூட்டைத் தேடும். அங்கே பெரும்பாலும் ஒன்றுவிட்டு ஒரு இடத்தில் போதும். எந்த ஓட்டத்தில் மாற்றுவது என்பதையும் அந்தப் பின்னேரமே முடிவெடும், நீண்ட ஓட்டம் எதுவோ அதில். வலக்கைக்காரர் நீர், இடப்பக்கம் ஓடிக்கொண்டு மாற்றும்போது துவக்கின் வாய் 90 பாகையைத் தாண்டப் பார்க்கும். அப்படியான ஓட்டத்தில் மாற்றத்தான் வேணுமென்றால் வாயை மண்அணைப் பக்கம் பிடித்தபடி மெல்ல நடந்து பழகும். அதில் பிழைத்தால் 40 புள்ளியோடு நிற்காது, பையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குத்தான்.

ஸ்விங்கருக்கு, ஆடுகிற மட்டைக்கு, ஒரு வேலை. முந்திச் சுடுகிற ஸ்குவாட்டை ஃபோனில் படம் எடும். அதை ஆட வைக்கிற பொப்பரில் (சுட்டால் விழுகிற இரும்பில்) பட்ட சத்தத்திலிருந்து மட்டை வெளியே வரும்வரை எத்தனை செக்கன் என்று நிறுத்தி நிறுத்திப் பாரும். அதற்கிடையில் ஒரு மட்டை எடுக்கலாமா இரண்டா என்பது அதில் தெரிந்துவிடும். ஆடி முடிந்த பிறகும் தெரிகிறதா, மறைந்துவிடுகிறதா என்றும் பாரும். முழுக்க மறைகிற இலக்குக்குத் தவறினால் தண்டனை இல்லை, ஆனால் பொப்பரை விழுத்தாமலே முடித்தால் உண்டு.

வெயில். நீர் அந்த ஸ்டேஜுக்கு எத்தனை மணிக்கு வருவீரோ அந்த மணிக்கு ஒருக்கா போய் நில்லும். பின்னேரம் இருட்டாகத் தெரிந்த யன்னல் காலமை பத்து மணிக்குக் கண்ணைக் கூசும்.

காலமை வோக்-த்ரூவில் இதெல்லாம் செய்ய நேரம் இல்லை. கொஞ்ச நிமிஷம், பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு யன்னலுக்கு நாலு பேர் கையை நீட்டிக்கொண்டு. அந்த நேரம் நேற்றுப் பார்த்ததில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று பார்க்க மட்டும். நோ-ஷூட் (சுடக் கூடாத மட்டை) ஒன்று இரவோடிரவாகக் கூடியிருக்கலாம், பரல் ஒரு சாண் தள்ளியிருக்கலாம். மாறவில்லையென்றால் திட்டத்தைத் தொடவேண்டாம். ஓரமாக நின்று கண்ணை மூடி, முதல் ரவையிலிருந்து கடைசி ரவை வரை ஓட்டிப் பாரும். எங்கே படம் மங்குகிறதோ அந்த இடத்துக்கு மட்டும் திரும்பப் போம். உமக்கு முன்னால் ஒரு கெட்டிக்காரன் வேறு மாதிரிச் சுட்டால் கைதட்டும், பின்பற்ற வேண்டாம். யாராவது வந்து காதுக்குள் சொன்னால் கேட்கவும் வேண்டாம். அண்ணை என்று கூப்பிடுகிற ஆளாக இருந்தாலும்.

இன்னொன்று. எங்கள் சனத்துக்குத் துவக்கு என்ற சொல்லோடு வருகிற நினைவுகள் வேறு. அதைப் பற்றி இங்கே கதைக்கமாட்டேன், உங்கள் அம்மா என்னிடம் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். பட்டாயாவுக்குச் சில கிழமை முந்தி, ஒக்டோபர் 21, இங்கே கைத்துவக்கு வாங்குவதையும் விற்பதையும் நிறுத்தினார்கள். உமக்குப் பின்னால் புதிதாக ஒருத்தரும் வரப்போவதில்லை. அதனால்தான் உம்மில் எனக்கு இவ்வளவு எரிச்சல் வருகிறதோ தெரியாது.

என் கொப்பியைக் கடிதவுறைக்குள் வைத்து வீட்டில் கொடுத்திருக்கிறேன். பின்பக்கத்தில் முப்பது நாற்பது தாள் வெறுமையாக இருக்கிறது, பென்சிலால் கீறும், பேனை வியர்வையில் கரையும். முன்பக்கத்தில் இருக்கிற படங்களைப் பார்க்கவேண்டாம். அவை என் உயரத்துக்குக் கீறியவை.

அண்ணை