பாப்பாவுக்கு, மலேசியாவின் சுங்கை சிப்பூட்டிலிருந்து

பாப்பா,

மூன்று வாரமாகப் போன் இல்லை. வேலை இருக்கும், தெரியும். மெல்பர்னில் உனக்குச் சம்பளம் உயர்ந்ததை அப்பா கோயில் தலைவர் வரைக்கும் சொல்லிவிட்டார். எனக்கு மட்டும் அந்தச் சேதி பக்கத்து வீட்டு அக்கா வாயால்தான் வந்தது. இருக்கட்டும்.

தீபாவளிக்கு வரும்போது எட்டு மணி நேரமும் விமானத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்காராதே. எழுந்து நட. தண்ணீர் குடி.

என் இடது கால் வீங்கியது ஞாபகம் இருக்கும். சிலிப்பர் வார் பதிந்த தடம் பொழுது சாய்ந்தும் மறையவில்லை. ரத்தக்கட்டி என்று மட்டும்தான் உன்னிடம் சொன்னேன். பிறகு எடுத்த சோதனையில் ‘புரதம் எஸ்’ குறைவு என்று வந்தது. சியாட்டல் நகரத்தில் கண்டுபிடித்ததால் எஸ்ஸாம். நான் ஏதோ சத்து மாத்திரை என்று நினைத்தேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டின காலத்தில் பால் உறையாமல் இருக்க அமோனியா விடுவோமே, அந்த வேலை இதற்கு. புரதம் சி என்று ஒன்று, அதோடு சேர்ந்து ரத்தம் உறைவதற்கு பிரேக் போடும். எஸ்ஸில் பத்தில் ஆறு பங்கு வேறொரு புரதத்தின் பிடியில் கிடக்க, மிச்சம்தான் அந்த வேலைக்கு வரும். உடம்பில் அழற்சி வந்தால் அந்த மிச்சமும் குறையலாம். செத்த செல்லை அப்புறப்படுத்தி அழற்சியை அடக்கவும் இதே எஸ்தான் உதவுகிறதாம். இது குறைந்தவர்களுக்குப் பிள்ளைப்பேறு, நெடுநேரம் அசையாமல் உட்காருவது, சில மாத்திரைகள் எல்லாம் ஆபத்து.

மாத்திரை என்றேனே. முகப்பருவுக்கோ, மாதக் கணக்கு ஒழுங்காக வரவோ, எதற்காக இருந்தாலும் சரி, ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் உள்ளது நமக்கு ஆகாது. எதற்கு என்று நான் கேட்கவில்லை. எழுந்து நட, தண்ணீர் குடி.

பெரியம்மா பிள்ளை பெற்ற ஒன்பதாம் நாள் மூச்சடைத்துப் போனது காற்றுக் கறுப்பு இல்லையோ என்று இப்போது தோன்றுகிறது.

பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி வரலாம், சோதிக்கச் சொல்லுங்கள் என்று டாக்டர் அன்றைக்கே சொன்னார். நாலு வருஷமாயிற்று. ஈப்போவிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்த நேரம். ரத்தத்தில் குறை என்று ஊர் பேசுமே என்று அந்தக் காகிதத்தை அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டேன். அப்பாவுக்கும் தெரியாது. அந்தச் சம்பந்தம் கலைந்த பிறகும் எடுக்கவில்லை. நேற்றுதான் எடுத்தேன், ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது.

மாத்திரை சாப்பிடும்போது ரத்தம் எடுத்தால் எஸ் அளவு குறைத்துக் காட்டுமாம். அதனால் முதலில் டாக்டரிடம் மாத்திரையின் பேரை எழுதிக் கொடு, அவர் சொல்கிறபடி செய். எனக்குக் காட்ட வேண்டாம்.

அம்மா