என் வசம் இல்லை

அன்பு மகளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது.

இங்கு நானும் அம்மாவும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, மருந்தை மாற்றியிருக்கிறார்கள். வேறு செய்தி ஒன்றும் இல்லை. போன வாரம் நான், டிரம்பின் மார்-அ-லாகோ வீட்டில் ரகசிய ஆவணங்கள் கிடைத்த அந்த வழக்கைப் பற்றிப் பேச்செடுத்ததும், பேரனுக்குச் சோறூட்ட வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். உங்கள் ஊரில் அப்போது இரவு பதினொரு மணி. போனில் முடியாததை எழுத்திலாவது சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் உன் வீட்டில் தங்கியிருந்த 2022 செப்டம்பர் 5ஆம் தேதியை நான் மறக்கவில்லை. தொழிலாளர் தின விடுமுறைக்கு அண்ணன் டெக்சாஸிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தான். அதற்கு ஆறு நாள் முன்புதான் நீதித்துறை, அந்த வீட்டைச் சோதித்தபோது எடுத்த படத்தை நீதிமன்றத்தில் தாக்கல் செய்திருந்தது. கம்பளத்தின்மேல் சிவப்பும் மஞ்சளும் ஓரமிட்ட ரகசிய முகப்புத் தாள்கள் பரப்பிக் கிடக்க, பக்கத்தில் ஒரு பெட்டியில் கண்ணாடிச் சட்டம் போட்ட பத்திரிகை அட்டை ஒன்று தெரியும். அந்தப் படத்தை நீ அண்ணனிடம் காட்டினாய். கைப்பற்றிய ஆவணங்களைப் பரிசீலிக்கத் தனி அலுவலர் ஒருவரை நியமிக்க நீதிபதி ஐலீன் கேனன் அன்றுதான் உத்தரவிட்டிருந்தார். அந்தச் செய்தியை அவன் எழுந்து நின்று உரக்கப் படித்தான். நீ டிரம்பை தேசத் துரோகி என்றாய். அவன் ஹிலாரி கிளிண்டன் தனிச் சர்வரில் வைத்திருந்த மின்னஞ்சல்களைப் பற்றிக் கேட்டான். அம்மா வைத்த பருப்புருண்டைக் குழம்பை அன்றிரவு யாரும் தொடவில்லை. இரண்டு நாள் கழித்துக் கிளம்ப வேண்டியவன் மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டான்.

முப்பத்து மூன்று ஆண்டுகள் கோப்புகளோடு வாழ்ந்தவன் நான். அன்று அந்த மேசையில் அந்த விஷயத்தைப் பற்றிச் சொல்லத் தகுதி உடையவன் நான் ஒருவன்தான்; நானோ வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நீ அனுப்பிய குற்றப்பத்திரிகையைக் கடையில் அச்செடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று முறை படித்தேன். என் மகள் தொலைக்காட்சியைக் கேட்டுப் பேசுகிறவள் அல்லள், மூல ஆவணத்தைப் படித்துப் பேசுகிறவள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் முழுவதையும் நீ படித்தாயா என்பதில் எனக்குச் சந்தேகமும் உண்டு. அதில் உள்ள வரிசையை ஒரு பழைய எழுத்தர் படிப்பதுபோல் படித்துப் பார். ஒருவர் குடியரசுத் தலைவர் பதவியில் இருக்கும்போது உண்டாகும் அலுவல் தாள் அவருடையது அன்று. தலைவராக இருந்த நிக்சன் தம் பதிவுகளைத் தம்மிடமே வைத்துக்கொள்ளப் பார்த்த விவகாரத்துக்குப் பின் 1978இல் அவர்கள் இயற்றிய சட்டம் இதைத்தான் சொல்கிறது. பதவிக்காலம் முடிகிற அன்றே அவை தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்புக்கு வந்துவிட வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து காப்பகம் கேட்டுக்கொண்டே இருந்தது. 2022 ஜனவரியில் 15 பெட்டிகள் வந்தன. அவற்றில் ரகசியக் குறியிட்டவை 197. மே மாதம் நீதிமன்ற அழைப்பாணை போயிற்று. ஜூன் 3ஆம் தேதி டிரம்ப் தரப்பினர் ஓர் உறையில் 38 ஆவணங்களைக் கொடுத்து, கவனமாகத் தேடிவிட்டோம், இருந்தவை அனைத்தும் இவ்வளவுதான் என்று வழக்கறிஞர் ஒருவர் கையெழுத்திட்ட சான்றையும் கொடுத்தார்கள். ஆகஸ்ட் 8ஆம் தேதி சோதனையில் மேலும் 102 கிடைத்தன. கூட்டினால் 337. அந்த எண்ணிக்கை எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஜூன் 3ஆம் தேதிச் சான்றுதான் என்னைத் தூங்க விடவில்லை.

தாள் அலுவலகத்தை விட்டு வெளியே போவது உலகத்தில் எங்கும் நடப்பது. யாராவது வந்து, அது உன்னிடம் இருக்கிறதா என்று கேட்கும்போது நீ என்ன சொல்கிறாய் என்பதில்தான் மனிதன் தெரிகிறான். டிரம்பின் துணைத் தலைவராக இருந்த மைக் பென்ஸ் வீட்டிலும் பத்துப் பன்னிரண்டு தாள்கள் இருந்தன; தேடச் சொல்லி, தானே தெரிவித்து, ஒப்படைத்தார். அவர்மீது வழக்கு இல்லை என்று 2023 ஜூனில் முடித்துவிட்டார்கள்.

இனி உன்னைக் கொஞ்சம் கடிந்துகொள்ள வேண்டும். நீ அன்று சொன்ன சொல் தவறு. ஒற்றாடல் தடுப்புச் சட்டம் என்ற பெயரைக் கேட்டதும் அந்நிய நாட்டுக்கு விற்றுவிட்டார் என்று பேசினாய். அந்தச் சட்டத்தின்கீழ் அவர்மீது சுமத்தப்பட்ட 32 குற்றச்சாட்டுகளும் தேசப் பாதுகாப்பு ஆவணங்களைத் தெரிந்தே வைத்துக்கொண்டதற்காகத்தான். அந்நியருக்குக் கொடுத்தார் என்று ஒரு வரிகூட இல்லை. எழுதியிருப்பதற்கு மேல் ஒரு சொல் சேர்த்தாலும் அந்தக் குறிப்பு கெட்டுவிடும் என்று உனக்குச் சிறு வயதில் சொல்லிக்கொடுத்தது நான்தானே? பிறகு 2023 ஜனவரியில், வில்மிங்டனில் பைடன் வீட்டு கேரேஜில் தாள்கள் இருந்தது வெளிவந்தபோது, நாள்தோறும் எனக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த நீ மூன்று வாரம் ஒன்றும் அனுப்பவில்லை. ஓராண்டு கழித்து, அதை விசாரித்த சிறப்பு வழக்கறிஞர் ராபர்ட் ஹர்ரின் அறிக்கை வந்தபோது, வழக்குத் தொடர வேண்டியதில்லை என்ற முடிவை மட்டும் அனுப்பினாய். பைடன் தெரிந்தே வைத்திருந்ததற்கும், தம் நூலை எழுத உதவியவரிடம் அவற்றிலிருந்து பகிர்ந்ததற்கும் சான்றுகள் உண்டு, ஆயினும் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப் போதாது என்று அதே அறிக்கையில் இருப்பதை அண்ணன் அனுப்பித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

அவனையும் நான் விட்டுவிடவில்லை. அதே ஹர், அதே அறிக்கையில், இரண்டையும் ஒப்பிட்டு எழுதியிருக்கிறார்: பைடன் ஒப்படைத்தார், வீடுகளைச் சோதிக்கச் சம்மதித்தார், விசாரணைக்கு உட்கார்ந்தார், டிரம்போ திருப்பிக் கொடுக்கப் பல வாய்ப்புகள் கிடைத்தும் அதற்கு நேர்மாறாக நடந்ததாகக் குற்றச்சாட்டு கூறுகிறது. அதை அவன் எனக்கு அனுப்பவில்லை. குடியரசுத் தலைவர் மனத்தில் நினைத்தாலே ரகசியம் நீங்கிவிடும் என்று டிரம்ப் பேட்டியில் சொன்னதைத் தன் வாதமாகவே அவன் பேசினான். உன் வீட்டிலிருந்து அதிகத் தூரம் இல்லாத பெட்மின்ஸ்டரில் உள்ள டிரம்பின் கோல்ஃப் கிளப்பில், 2021 ஜூலையில் பதிவான உரையாடலில், பதவியில் இருந்தபோது ரகசியத்தை நீக்கியிருக்கலாம், இப்போது முடியாது என்று அவரே சொல்லியிருப்பது குற்றப்பத்திரிகையில் இருக்கிறது. அதை அவனுக்குப் போனில் படித்துக் காட்டினேன். வெகு நேரம் பேசாமல் இருந்தான்.

ஆனால் அவன் சொன்னவற்றில் நியாயமும் உண்டு. சோதனையில் எடுத்த சில பெட்டிகளில் தாள்களின் வரிசை எடுத்தபோது இருந்தபடி இல்லை என்று 2024 மே மாதம் அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டது. அற்ப விஷயம் என்று நீ தள்ளிவிட்டாய். எது எதற்கு முன்னால் இருந்தது என்பதில் ஒரு கோப்பின் பாதி வரலாறு இருக்கிறது அம்மா. அந்த இடத்தில் அவன்தான் சரி.

படித்துவிட்டுப் பேசுங்கள் என்பதைத்தான் உங்கள் இருவருக்கும் நான் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்திருக்கிறேன். இருவரும் படிக்கிறீர்கள், ஆளுக்குப் பாதி.

நீங்கள் இருவருமே பேசாத பெயர் ஒன்று அதில் உண்டு, வால்ட் நௌட்டா. பெட்டிகளைத் தூக்கிய பணியாளர். அழைப்பாணை வந்த பிறகு அவர் சேமிப்பறையிலிருந்து சுமார் 64 பெட்டிகளை வெளியே எடுத்துச் சென்றார், டிரம்பின் வழக்கறிஞர் தேட வருவதற்கு முன் சுமார் 30 மட்டுமே திரும்பி வந்தன என்று குற்றப்பத்திரிகை சொல்கிறது. அங்கே வேலை பார்த்த கார்லோஸ் டி ஒலிவேராவையும் பிறகு சேர்த்தார்கள். பெரியவர் பெயருக்குக் கீழே, பெட்டி சுமந்தவர்களின் பெயர்கள். அந்த வரியில் நான் நின்றுவிட்டேன். மூன்று முறை படித்தேன் என்றேனே, மூன்று முறையும் அந்த இடத்தில் காகிதத்தைக் கீழே வைத்தேன்.

எங்கள் ஆபீஸ் பதிவறையைக் கவனித்துவந்த ரெக்கார்டு மாமாவைப் பற்றி நீ அறியாத ஒன்றை எழுதப் போகிறேன்.

நீ பிறந்த 1986இல், நில எடுப்பு இழப்பீட்டுக் கோப்பு ஒன்றை அவரிடமிருந்து வாங்கினேன். பதிவறையிலிருந்து கோப்பை எடுக்கக் கோரிக்கைச் சீட்டு கொடுக்க வேண்டும். நாளைக்குத் தருகிறேன் என்றேன், என்மேல் இருந்த நம்பிக்கையில் அவர் சரி என்றார். ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்குமாக அலைந்துகொண்டிருந்த நாள்கள் அவை. வீட்டில் இரவில் குறிப்பு எழுதலாம் என்று எடுத்து வந்தவன், டிரங்குப் பெட்டியில், உனக்குத் தொட்டில் கட்ட வைத்திருந்த சேலைக்கு அடியில் வைத்தேன். சீட்டும் கொடுக்கவில்லை, குறிப்பும் எழுதவில்லை. ஐந்து வாரம் கழித்து மேலிடத்திலிருந்து கோப்பைக் கேட்டார்கள். தலைமை எழுத்தர் ஒவ்வொருவரிடமும் எழுதி வாங்கினார். நீதிமன்ற வழக்கு சம்பந்தப்பட்ட கோப்பை வீட்டுக்குக் கொண்டுபோனேன் என்று சொல்ல அந்த நேரத்தில் பயமாக இருந்தது. இன்று மறுத்துவிட்டு நாளைக் காலையில் சத்தமில்லாமல் கோப்புக் கட்டுக்குள் வைத்துவிடலாம் என்று நினைத்து, ‘மேற்படி கோப்பு என் வசம் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மறுநாள் பதிவறையைப் பூட்டி, ஆள் போட்டுத் தேடத் தொடங்கிவிட்டார்கள். உள்ளே வைக்க வழி இல்லாமல் போயிற்று. எழுதியதை மாற்றி எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

நான்கு மாதம் அது நம் வீட்டில் இருந்தது. அம்மா கண்டுபிடித்து மூன்று முறை கொடுத்துவிடச் சொன்னாள். மூன்றாவது முறை என்னிடம் பேசாமலே இருந்தாள். கடைசியில் வேறொரு கோப்புக் கட்டுக்குள் செருகினேன், யாரோ எடுத்தார்கள். கோப்பை இடம் மாற்றிவைத்த கவனக்குறைவுக்காக ரெக்கார்டு மாமாவுக்கு 17(ஏ) ஒழுங்கு நடவடிக்கை மெமோ கொடுத்து, இரண்டு ஆண்டு ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். சீட்டு இல்லாமல் கொடுத்தேன் என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. உன் காது குத்துக்குப் பனங்கற்கண்டு வாங்கி வந்து, உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போய்வந்தாரே, அது அந்த நிறுத்தம் நடப்பில் இருந்த காலத்தில்தான். அவர் கண்ணைப் பார்க்க முடியாமல் நான் பந்தி பரிமாறிக்கொண்டே இருந்தேன். அந்த இழப்பீட்டுக்காகக் காத்திருந்த குடும்பம் எத்தனை மாதம் அலைந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூட நான் முயலவில்லை. அவர் இறந்த அன்று போய் மாலை போட்டேன். அவரிடம் சொல்ல எனக்கு இருபத்தாறு ஆண்டுகள் இருந்தன.

உன் சாப்பாட்டு மேசையில் நான் ஏன் வாய் திறக்கவில்லை என்று இப்போது உனக்குத் தெரியும். ஜூன் 3ஆம் தேதிச் சான்றை நீங்கள் இருவரும் கட்சியாகப் பார்த்தீர்கள். எனக்கு அதில் என் கையெழுத்து தெரிந்தது. நான் பேசியிருந்தால் அண்ணன் அன்று கிளம்பியிருக்க மாட்டானோ என்று இந்த மூன்று ஆண்டுகளில் நான் நினைக்காத நாள் இல்லை.

‘தீர்ப்பு வரட்டும், அதற்குப் பிறகு அவன் வந்து என்னிடம் பேசட்டும்’ என்று நீ அம்மாவிடம் சொன்னாய். 2024 மே 20இல் தொடங்க வேண்டிய விசாரணை தேதி குறிக்காமல் தள்ளிப்போயிற்று. சிறப்பு வழக்கறிஞர் ஜாக் ஸ்மித்தின் நியமனமே அரசமைப்புக்கு முரண் என்று ஜூலை 15ஆம் தேதி கேனன் வழக்கைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீடு செய்தார்கள், தேர்தலில் டிரம்ப் வென்றதும் அவரைப் பொறுத்தமட்டில் அதை நவம்பர் 25இல் கைவிட்டார்கள், மற்ற இருவரைப் பொறுத்தமட்டில் அடுத்த ஜனவரியில். சாட்சி ஒருவரும் கூண்டில் ஏறவில்லை, எந்த நடுவரும் குற்றவாளி என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. நீ காத்திருக்கும் தீர்ப்பு வரப்போவதில்லை அம்மா.

தை மாதத்தில் பேரனுக்குக் காது குத்த வேண்டும் என்று அம்மா நாள் பார்த்து வைத்திருக்கிறாள். யார் மடியில் உட்காரவைப்பது என்று நீயும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

இந்தக் கடிதத்தை ஒரு படிதான் எழுதியிருக்கிறேன். இரண்டாவது முறை எழுத என்னால் முடியாது. அண்ணனும் இதைப் படிக்க வேண்டும். போனில் படம் எடுத்து அனுப்பாதே, தபாலிலும் போடாதே; நீயே கொண்டுபோய் அவன் கையில் கொடு. கொடுத்துவிட்டேன் என்று இருவருமாக எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அப்பா