உருப்பெருக்கிக் கண்ணாடி தந்த அம்மாவுக்கு நன்றி

அருங்காட்சியகத்தின் முத்துக் கண்காட்சியில், மாலைகள் வைத்திருந்த பெட்டியின் முன்னால் நானும் அம்மாவும் நின்றிருந்தோம். கண்புரையால் அம்மாவுக்கு எல்லாமே வெள்ளைப் புள்ளிகளாகத்தான் தெரிந்தன. "சரி, போகலாம்" என்று அவர் திரும்பியபோதுதான், பக்கத்தில் நின்ற நீங்கள் கைப்பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து நீட்டினீர்கள்.

"நூல் கோத்த துளையின் ஓரத்தைப் பாருங்கம்மா" என்றீர்கள். அறுந்த மாலை ஒன்றின் முத்தில், மேலே மெல்லிய பளபளப்புப் படலம், அதன் கீழே ஒரு கோடு, உள்ளே சிப்பி ஓட்டிலிருந்து கடைந்த மணி. வளர்ப்பு முத்தை அடையாளம் காண அந்தக் கோடே போதும் என்று நீங்கள் சொல்லித்தான் தெரிந்தது. 1893இல் ஜப்பானில் மிக்கிமோட்டோ கோக்கிச்சி முதலில் வளர்த்தெடுத்தது அரைக்கோள முத்து என்பதும் அப்படித்தான். மணல் துகள்தான் முத்தாகிறது என்று இத்தனை வயதுவரை நம்பியிருந்தேன். சிப்பியின் மென்தசையில் ஏற்படும் காயமும் ஒட்டுண்ணியுமே பெரும்பாலும் காரணம் என்று பொறுமையாக விளக்கினீர்கள்.

அம்மா ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்து முடிக்கும்வரை, அரைமணி நேரத்துக்கு மேல், கூடவே நடந்தீர்கள். அப்புறம் கூட்டத்தில் உங்களைத் தவறவிட்டுவிட்டோம். பெயர்கூடக் கேட்கவில்லை. மிக்க நன்றி அம்மா.