கன்னியாக் கிணற்றடியில் ஒரு பலகை வையுங்கள்

திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் பொறுப்பாய் இருக்கும் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

வணக்கம்.

போன புரட்டாதியில் எங்கள் அம்மாவின் முப்பத்தோராம் நாள். அந்தியேட்டிக் கிரியை முடித்து முழுகுவதற்காகக் கன்னியாவுக்கு வந்தோம். நான், தம்பி, தங்கச்சி, ஒரு வான் நிறைய உறவுக்காரர். ஏன் அங்கே வருகிறோம் என்று உங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. தாய் செத்துப்போனாள் என்று கேட்டு இராவணன் கடன் கழித்த இடம் என்று எங்கள் பாட்டன் பூட்டன் சொல்லிவைத்த இடம் அது. போர்க்காலத்தில் அம்மா தன் தாய்க்காக அங்கே போக ஆசைப்பட்டு, போக முடியாமலே இருந்தவ. அதனால்தான் அவவின் காரியத்துக்காவது அங்கே போவோம் என்று முடிவெடுத்தோம்.

காலை ஏழரைக்கே கிணற்றடியில் சனம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரிக்கற் எடுத்தவர் எல்லாருக்கும் உள்ளே வர உரிமை உண்டு. தங்கச்சி மூன்றாவது கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றாள். அடுத்த கிணற்றுக் கட்டில் கறுப்புத் தொப்பி போட்ட ஒரு பொடியன் குந்தியிருந்து, வெங்காயம் போட்டு விற்கிற சிவப்பு வலைப்பைக்குள் முட்டை ஒன்றைப் போட்டு, நூலில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கினான். கூட வந்தவன் போனைப் பிடித்தான். “இராவணன்ர தண்ணியில முட்டை அவியுதோ எண்டு இண்டைக்குப் பாப்பம் மக்களே!” வேற்று ஆள் இல்லை, எங்கட பிள்ளைதான். நல்ல தமிழ்.

முட்டை அவியாது. கன்னியாத் தண்ணீரின் சூடு நாற்பது பாகையை ஒட்டித்தான் நிற்கும், கிணற்றுக்குக் கிணறு கொஞ்சம் கூடக் குறைய. வெள்ளைக்கரு இறுகத் தொடங்கவே அறுபதுக்கு மேல் வேண்டும். ஆனால் முட்டை அவியும்வரை கமரா சும்மா இருக்குமா? அது மெல்லத் திரும்பி ஒவ்வொரு கிணறாய் மேய்ந்து, கடைசியில் தங்கச்சியில் வந்து நின்றது. நனைந்த வெள்ளைச் சீலை. கையில் பாதித் தண்ணீரோடு வாளி. வாளியை வைத்திருந்தால் இரண்டு கையாலும் முகத்தையாவது மூடியிருப்பாள். வைக்கவுமில்லை, தலையில் ஊற்றவுமில்லை. அப்படியே நின்றாள். தம்பி துவாயை விரித்துக்கொண்டு ஓடினான். நான் அங்கே கடமையில் நின்றவரிடம் போனேன். அவர் மரியாதையாகத்தான் சொன்னார்: “என்ன செய்யிறது ஐயா, அவையும் ரிக்கற் எடுத்துத்தானே வந்தவை. படம் எடுக்கக்கூடாதெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல.”

நாலாம் நாள் மாமியின் மகன் அந்த வீடியோவைக் கொண்டுவந்து காட்டினான். முட்டை அவியாத ஏமாற்றத்துக்கு இடையில், பாட்டுப் பின்னணியோடு, பதினொரு செக்கன் என் தங்கச்சி. கீழே ஒருவர் எழுதியிருந்தார்: “அக்கா ஏன் அழுறா, தண்ணி சுட்டுட்டுதோ?” சிரிக்கிற முகம் நாலைந்து போட்டிருந்தது. வீடியோவை எடுத்துவிடச் சொல்லி மூன்று தரம் எழுதினேன். மூன்றாம் தரம் ஒரு இதயம் போட்டுவிட்டுப் போனான்.

ஐயாமாரே, அந்தப் பொடியனைப் பிடித்து அடைக்கச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. நான் கேட்பது ஒரு பலகை. “குளிப்பவர்களையும் கிரியை செய்பவர்களையும் அவர்கள் சம்மதமில்லாமல் படம் எடுக்கக்கூடாது” என்று மூன்று மொழியிலும் ஒரு பலகை, ரிக்கற் கொடுக்கும் இடத்திலும் கிணற்றடியிலும். அதை வாயால் எடுத்துச் சொல்ல ஒரு ஆள். அவ்வளவுதான்.

என் மருமகன் கனடாவில் இருக்கிறான். இரண்டு வருடத்துக்கு முன் அமெரிக்காவில் யெலோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போய், அங்கத்தைய வெந்நீரூற்றுக்களை நூறு படமாவது எடுத்து அனுப்பினான். 1872 இல் தொடங்கிய பூங்கா. பத்தாயிரத்துக்கு மேல் ஊற்றும் சேற்றுக்குழியும் ஆவித்துளையும் இருக்கிற இடம். ஓர் ஊற்று ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருதரம் வானத்துக்குப் பீறிட்டு அடிக்கிறது. இன்னொன்று நூறு மீற்றர் அகலத்தில் நடுவில் நீலம், ஓரத்தில் மஞ்சளும் செம்மஞ்சளும். அந்த ஓரத்து நிறம் சூட்டில் வாழும் நுண்ணுயிர்களால் வருவதாம். கமரா வைத்திருப்பவனுக்கு அங்கே தண்ணீரே போதும், மனுசர் தேவையில்லை.

எங்கட கிணறு அப்படியில்லையே. எரிமலை கிடையாது, மழைத்தண்ணீர் பாறை வெடிப்பு வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி, திரும்பி மேலே வருகிறது. அம்பாறை மாவட்டத்து மகா ஓயா வெந்நீரூற்றிலும் இதே கதைதான். பீறிடாது, நிறம் மாறாது, எங்கட வெயிலில் ஆவிகூடக் கண்ணுக்குத் தெரியாது. ஏழு சின்னச் சதுரக் கிணறு, எட்டிப் பார்த்தால் அடி தெரிகிற தெளிந்த தண்ணீர். சூடு தோலுக்குத்தான் தெரியும், கமராவுக்குத் தெரியாது. அதனால் வீடியோவில் எதையாவது காட்டியாக வேண்டும் என்று வருகிறவன் முட்டையைக் கொண்டுவருகிறான். முட்டை கைவிட்டால் குளிக்கிற ஆட்களைப் பிடிக்கிறான். இது ஒரு பொடியனின் குணக்கேட்டோடு முடிகிற விசயம் என்றால் நான் பேசாமல் இருந்திருப்பேன். நாளைக்கு வேறொருவன் வருவான்.

யெலோஸ்டோனிலும் எல்லாரும் ஒழுங்காக நடக்கிறார்கள் என்று இல்லை. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 2014 இல் ட்ரோனுக்குத் தடை போட்டார்கள். அதே வருடம் ஒரு சுற்றுலாப் பயணி ட்ரோனை விட்டு, நான் சொன்ன அந்த நிற ஊற்றுக்குள்ளேயே விழுத்திவிட்டுத் தண்டம் கட்டினார். 2016 இல் மரப்பாதையை விட்டிறங்கி அதே ஊற்றின் ஓரத்தில் நடந்து வீடியோ எடுத்த கனடியர்களில் இருவருக்கு ஒரு கிழமை மறியல். அங்கே நுண்ணுயிருக்கு இருக்கிற பாதுகாப்பு இங்கே தாயை எரித்துவிட்டு வந்து நிற்கிற பிள்ளைக்கு இல்லை. மறியல் வேண்டாம், தண்டமும் வேண்டாம். ஒரு பலகை.

பலகை என்றதும் உங்களுக்குக் கொஞ்சம் சிரிப்பு வரலாம். எனக்கும் வந்தது. கன்னியா யாருடையது, எந்தக் காலத்தது என்று சொல்கிற எழுத்துக்காக எவ்வளவு பாடு பட்டிருக்கிறோம்! 2019 இல் அங்கே விகாரை கட்டுவதுபற்றி நீதிமன்றம்வரை போன விவகாரம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைக் கிளற நான் வரவில்லை. (கிளறாமல் எழுதுவோம் என்றுதான் இருந்தேன், கை கேட்கவில்லை.) ஈராயிரம் வருடத்துக்கு முந்தினவர்களுக்கு உரிமை எழுதிக்கொடுக்க ஆளும் பெயின்றும் இரும்புக் கம்பியும் கிடைக்கிற நாட்டில், இன்றைக்குக் காலையில் ஈரச் சீலையோடு நிற்கிற ஒருத்திக்காக இரண்டு வரி எழுத எவ்வளவு செலவாகும்? பெயின்ற் இல்லையென்றால் சொல்லுங்கள், வாங்கித் தருகிறோம். எழுதுகிறவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்; கடைப் பலகை எழுதிப் பழகின கை, மூன்று மொழியும் பிழையில்லாமல் எழுதுவார்.

எழுதும்போது சூடு ஏறிவிட்டது, குறை நினைக்காதீர்கள். தயவாகத்தான் கேட்கிறேன். படமே எடுக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கிணற்றை எடுக்கட்டும், தண்ணீரை எடுக்கட்டும், தன் பெண்டில் பிள்ளையை நிறுத்திவைத்து எடுக்கட்டும். எங்கட அம்மாவின் கலியாணப் படத்துக்கு அடுத்தபடி அவவுக்குப் பிடித்த படம், 1970களில் அதே கிணற்றடியில் அப்பா எடுத்ததுதான். அதில் அவ வாளியைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறா. அது அவ சம்மதித்து நின்ற படம்.

தங்கச்சி அன்றைக்குத் தலையில் ஊற்றாமலே வந்துவிட்டாள். வானுக்குள் ஏறியபிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. திரும்பிப் போவோமா என்று கேட்டேன். “வேண்டாம் அண்ணா, வீட்டுக் கிணத்தில வாக்கிறன்” என்றாள். வருகிற ஆவணியில் ஆட்டைத் திவசம். கன்னியாவுக்கு வருவாயோ என்று போன கிழமை கேட்டபோது, “பலகை போட்டவையோ?” என்று திருப்பிக் கேட்டாள்.

அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று, ஆவணி பிறக்குமுன் இரண்டு வரி எழுதி அறியத் தந்தால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
பணிவுடன்,
திருகோணமலையிலிருந்து ஒரு மூத்த மகன்