தெரியாமல் கலந்து கொடுக்கும் குடி மருந்து

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம், சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் போதும்' என்ற வரி விளம்பரம் சென்ற ஞாயிறு உங்கள் நாளிதழில் வந்திருந்தது. தயவுசெய்து இனி அதை வெளியிடாதீர்கள். அரசு மருத்துவமனை ஆண்கள் வார்டில் பல வருடம் செவிலியராக வேலை பார்த்தவள் என்ற முறையில் கேட்கிறேன்.

அந்தப் பொட்டலங்களில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. குடியை நிறுத்த உதவும் டைசல்ஃபிராம் மாத்திரையை நுணுக்கிக் குழம்பில் கலந்து கொடுத்த வீடுகளையும் நான் அறிவேன். டைசல்ஃபிராம் பயனுள்ள மருந்துதான். ஆனால் இனி குடிப்பதில்லை என்று முடிவெடுத்தவர், டாக்டர் சொல்லி, தெரிந்தே சாப்பிட வேண்டியது. உள்ளே போகும் மது முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறும், அப்புறம் அந்த நச்சும் முறிந்துவிடும். இந்த மாத்திரை நச்சை முறியவிடாமல் தடுக்கிறது. விஷயம் தெரியாத மனிதர் வழக்கம்போல ஒரு குவார்ட்டர் அடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் இறங்கிச் சுருண்டு விழுவார். இதயக் கோளாறு இருந்தால் உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இந்த ஆபத்து உண்டு.

சரி, பயந்து குடியை நிறுத்திவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். காலையில் கொஞ்சம் ஊற்றினால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலைக்கு வந்தவர் திடீரென்று நிறுத்தினால், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் சிலருக்குப் புத்தி தடுமாறும். கால் முறிந்து சேர்ந்த கொத்தனார் ஒருவர், நடுராத்திரியில் கட்டிலில் உட்கார்ந்து வெறுங்கையால் செங்கல் அடுக்கிக் கலவை பூசிக்கொண்டிருந்தார். காத்துக் கருப்பு அடித்துவிட்டது, கோயிலுக்குக் கொண்டுபோகிறோம் என்று வீட்டார் அழுதார்கள். உண்மையில் அது குடி விட்டதால் வந்த சித்தப்பிரமை. கவனிக்காவிட்டால் ஆளைக் கொன்றுவிடும். டயஸெபாம் போன்ற அமைதிப்படுத்தும் மருந்தை டாக்டர் அளவு பார்த்துக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து, தயாமின் என்ற வைட்டமின் பி1 ஊசியும் போட்டால் பெரும்பாலோர் சில நாளில் தெளிந்துவிடுவார்கள். அவரும் தெளிந்தார். வீட்டு அறையில் போட்டுப் பூட்டிவைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பொடி வாங்கும் பெண்களை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் வரமாட்டார், எடுத்துச் சொன்னால் அடிக்கிறார். அவள் வேறு என்னதான் செய்வாள்? அந்தத் தவிப்பைத்தான் இந்த விளம்பரக்காரர்கள் காசாக்குகிறார்கள். அவர் வராவிட்டாலும் மனைவியோ தாயோ முதலில் தனியாகப் போய்ப் பேசலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. குடிக்கத் தூண்டும் ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்று மாத்திரைகள் இருக்கின்றன. குடிப்பவரின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் நடக்கின்றன. 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய்க் கணக்கில்தான் சேர்க்கிறது. குடிப்பவரும் நோயாளிதான் என்று சட்டமே ஒப்புக்கொண்ட பிறகு, அவருக்குத் தெரியாமல் வைத்தியம் செய்ய யாருக்கு உரிமை இருக்கிறது?

அந்த விளம்பரம் வந்த இடத்தில், அரசின் கட்டணமில்லாத மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416-ஐ வாரம் ஒருமுறையாவது அச்சிடுங்கள். தமிழிலேயே பேசலாம், இரவிலும் எடுப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.