வெட்டுவது போதாது, கரையேற்றுங்கள்: அடையாற்று அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

அடையாற்றைத் தூர்வாரவும் துப்புரவு செய்யவும் பொறுப்பேற்றிருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் சைதாப்பேட்டைக்கு மேலே மிதவை பொக்லைன் இறங்கியது. மழைக்கு முன் ஆகாயத்தாமரையை எடுத்தாக வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது எடுக்கப்படவில்லை. வெட்டி, கலைத்து, ஓட்டத்தோடு தள்ளிவிடப்பட்டது. வீட்டைக் கூட்டிக் குப்பையைப் பக்கத்து வீட்டு வாசலில் தள்ளுவது மாதிரி. தள்ளியது எங்கே போகும் என்று கேட்க ஆளில்லை. அது இந்த ஆற்றில் ரோயிங் படகு வலிக்கும் எங்கள் படகுத்துறைக்கு வந்து சேர்ந்தது. மறுநாள் விடியலில் கோட்டூர்புரம் பாலத்துக்கும் திரு.வி.க. பாலத்துக்கும் நடுவே பயிற்சிக்கு இறங்கிய இருவர் படகு ஒன்று அதில் செருகிக் கவிழ்ந்தது.

யாருக்கும் பெரிய அடி இல்லை. அதனால்தான் இந்த மடல் இவ்வளவு நிதானமாக இருக்கிறது.

ரோயிங் படகைப் பற்றிச் சில விவரங்களை இங்கே சொல்லியாக வேண்டும். துடுப்பு வலிப்பவர் போகும் திசைக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருப்பார். எட்டுப் பேர் படகில் சுக்கான் பிடிக்க ஒரு காக்ஸ் உண்டு; ஒற்றையர், இருவர் படகுகளில் யாரும் இல்லை. நாலைந்து வலிப்புக்கு ஒரு முறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. அரையிருட்டில், கரும்பச்சைத் தண்ணீரில், தண்ணீரோடு ஒட்டி மிதக்கும் கரும்பச்சைத் திட்டு தெரியவே தெரியாது.

இருவர் படகின் எடை சுமார் 27 கிலோ, நீளம் 10 மீட்டரை ஒட்டி. மணிக்கு 12, 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும். அதை நிமிர்த்தி வைத்திருப்பது இரு பக்கமும் தண்ணீரைத் தொடும் துடுப்புகள்தாம். அடியில் நாலைந்து அங்குல ஆழத்துக்கு, படகை நேராக ஓடவைக்கும் ஃபின் என்ற சிறு தகடு இருக்கும். ஆகாயத்தாமரையின் வேர் அதைவிடக் கீழே தொங்கும். ஃபின் வேரில் சிக்கியதும் படகு ஒரு பக்கம் இழுபடும். அதே நொடியில் துடுப்பின் அலகு திட்டுக்குள் புதைந்து வெளியே வர மறுக்கும். ஆனால் படகு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதே, அந்த வேகம் முழுவதும் துடுப்பின் கைப்பிடி வழியாக வலிப்பவரின் வயிற்றிலோ மார்பிலோ வந்து இடிக்கும். அடுத்தது கவிழ்வதுதான்.

விழுந்தவர் நீச்சல் தெரிந்தவர்தான். தெரியாதவரைப் படகில் ஏற்றுவதே இல்லை. ஆனால் திட்டுக்குள் நீந்த முடியாது. அடர்ந்த திட்டில் ஒரு சதுர மீட்டருக்கு 20, 30 கிலோ செடி இருக்கும். கையை வீசினால் தண்டு சுற்றும், காலை உதைத்தால் வேர் பின்னும். படகைப் பிடித்துக்கொண்டு காத்திரு என்பதுதான் பாடம். காத்திருக்கலாம், மீட்க வரும் மோட்டார் படகு வந்து சேர வேண்டுமே! அதன் புரொப்பெல்லரில் ஆகாயத்தாமரைத் தண்டு நார்நாராகச் சுற்றிக்கொள்ளும். எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் துளை வேரால் அடைபடும். நிறுத்தி, மோட்டாரைத் தூக்கி, கத்தியால் அறுத்து, மறுபடி இறக்கி, பத்தடி போனால் மறுபடி அதே கதை. நிறுத்தாமல் ஓட்டினால் எஞ்சின் சூடேறி வீணாகும். அன்று மோட்டார் படகால் திட்டின் விளிம்பைத் தாண்ட முடியவில்லை. கயிறு வீசி இழுத்துத்தான் இருவரையும் வெளியே கொண்டுவந்தார்கள்.

அவர்கள் எந்தத் தண்ணீரில் கிடந்தார்கள் என்பது உங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். துடுப்பு வலிப்பவர் உள்ளங்கையில் கொப்புளம் உடைந்த புண் இல்லாத நாள் அபூர்வம். எலிக்காய்ச்சல் நுழைய அது ஒன்று போதும். படகுக்கும் சேதம்: ஃபின் பிய்ந்து, திட்டுக்குள் மறைந்திருந்த மரக்கட்டை அடித்தளத்தைக் கீறிவிட்டது. தேன்கூடு போன்ற உள்ளடுக்கின் மேல் ஒட்டிய கார்பன் இழைத் தோல் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. சேதமான தோலை வெட்டியெடுத்து, உள்ளே புகுந்த ஈரத்தை முழுக்க உலர்த்தி, புதுத் துணியை எப்பாக்ஸியில் தோய்த்து ஒட்டி, ஒரு நாள் இறுகவிட்டு, தேய்த்துச் சமன் செய்ய வேண்டும். உலர்த்துவதில் அவசரப்பட்டால் ஒட்டு உள்ளிருந்தே உரிந்துவரும்.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: வெட்டிய ஆகாயத்தாமரையைக் கரையேற்றுங்கள். தயவுசெய்து ஆற்றிலேயே விடாதீர்கள்.

வெட்டிவிட்டால் கடலுக்குப் போய்விடும் என்று களத்தில் சொல்கிறார்கள். உப்புத் தண்ணீரில் ஆகாயத்தாமரை செத்துவிடும் என்பது உண்மை. ஆனால் கடலுக்குப் போக வாசல் திறந்திருக்க வேண்டும். பட்டினப்பாக்கம் பக்கம் முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டால் உப்பு உள்ளே வராது, செடியும் வெளியே போகாது. கழிவுநீர் உரத்தில் அது கொழுக்கும். சாதகமான சூழலில் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகும். முகத்துவாரம் திறந்திருந்தாலும் நிம்மதி இல்லை. கடல் வற்றத்தில் கீழே போகும் திட்டு கடல் ஏற்றத்தில் திரும்பி வருகிறது. ஒரே திட்டை ஒரே நாளில் இரண்டு முறை வழியனுப்பி வைக்கிறோம். மேலும், வெறும் இலை முளைக்காது. குருத்தோடு கூடிய துண்டு ஒவ்வொன்றும் தனிச் செடியாகும். வெட்டிக் கலைப்பது களையெடுப்பு அல்ல, நாற்று நடுவது.

செடியை மறிக்க ஆற்றின் குறுக்கே மிதவைத் தடுப்பு ஏற்கனவே போட்டுப் பார்த்தாயிற்று என்பீர்கள். போட்ட விதம்தான் கோளாறு. கரைக்குக் கரை நேர்க்கோட்டில் கட்டினால் ஓட்டத்தில் அது நடுவே வில்லாக வளைந்து, செடி முழுவதும் ஆற்றின் மையத்தில் சேரும். கரையில் நிற்கும் பொக்லைன் கைக்கு அது எட்டாது. பாரம் ஏற ஏற, ஒன்று கம்பி அறும், இல்லை செடி அடியில் புகுந்துவிடும். ஓட்டத்துக்குச் சாய்வாக, 30 முதல் 45 பாகை கோணத்தில், நாங்கள் துடுப்பு வலிக்கும் பகுதிக்கு மேலே கட்டுங்கள். செடி தானாக ஒரு கரைக்கு ஒதுங்கும். மிதவைக்குக் கீழே இரண்டடி ஆழத்துக்கு வலைப் பாவாடை வேண்டும். ஒரு முனை சட்டென்று கழற்றக்கூடிய கொக்கியாக இருக்கட்டும். செம்பரம்பாக்கத்தில் தண்ணீர் திறக்கும் நாளில் கட்டியபடியே கிடந்தால் வெள்ளத்துக்கு அதுவே அணையாகிவிடும். 2015 டிசம்பரைப் பார்த்த ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை.

ஒதுங்கியதை நீளக்கை பொக்லைனால் அள்ளி, கரையில் இரண்டு நாள் வடியவிட்டு, லாரியில் ஏற்றுங்கள். செடியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான்; வடிந்தால் லாரி நடை குறையும். வாரக்கணக்கில் கரையிலேயே குவித்து வைத்தால் முதல் மழையில் குவியல் சரிந்து மறுபடி ஆற்றுக்குள் விழும். பூக்கும் முன்னால் எடுக்க வேண்டும் என்பதும் முக்கியம். விதை சேற்றில் இறங்கிவிட்டால் பல ஆண்டுகள் காத்திருந்து முளைக்கும்.

பணக்காரர்கள் விளையாட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று சிலர் கேட்கக்கூடும். இதே திட்டில்தான் சீனிவாசபுரத்து மீனவரின் வலையும் கிழிகிறது, இதே வேரில்தான் கொசு வளர்கிறது, இதுவே அழுகித் தரையில் படிந்து, தூர்வார அடுத்த ஒப்பந்தத்துக்கு வழி செய்கிறது. ஒப்பந்தத்தில் எத்தனை மணி நேரம் இயந்திரம் ஓடியது என்று கணக்கு இருக்கிறது. எத்தனை டன் கரையேறியது என்று கணக்கு இருக்கிறதா? ஆற்றைச் சீரமைப்பதாகச் சொல்லும் பலகைகள் மட்டும் கரை நெடுகப் பளபளக்கின்றன. அவற்றில் ஒரு செடியும் படர்வதில்லை. 1867இல் தொடங்கிய படகுச் சங்கம் இந்தக் கரையில் இருக்கிறது. 1898 முதல் சென்னைக்கும் கொழும்புக்கும் நடக்கும் போட்டியில் பெண்களுக்கான பரிசின் பெயரே அடையாறு கோப்பை. கொழும்புக்காரர்கள் படகு வலிக்கும் பெய்ரா ஏரியிலும் பன்னீர் ஓடவில்லைதான். ஆனால் விருந்தாளிகளை அழைத்து வந்து எந்த ஆற்றின் பெயரால் கோப்பை தருகிறோமோ அதைக் காட்டக் கூசுகிறது.

குரல் சற்று உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது பெரிய நிதி அல்ல. வெட்டிய ஆகாயத்தாமரையைக் கரையேற்றுங்கள். கரையேறிய எடைக்குத்தான் பணம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் பாதிப் பிரச்சினை தீரும். அதுவும் வடிந்த பிறகு எடை போட்டு, இல்லையேல் தண்ணீருக்குப் பணம் கொடுப்பீர்கள். மிதவை பொக்லைன் மறுபடி இறங்கும் முன் இரண்டு நாள் அவகாசத்தோடு படகுத்துறைகளுக்கும் மீனவர் குப்பங்களுக்கும் தகவல் சொல்லுங்கள். தடுப்பு எந்த இடத்தில் நிற்கும், வற்றமும் ஏற்றமும் எந்தக் கரையில் எப்படித் தள்ளும் என்று உங்கள் பொறியாளர்கள் பார்க்க விரும்பினால், எந்தக் காலையிலும் படகில் அழைத்துச் சென்று காட்டுகிறோம். நீச்சல் தெரிந்தவர்களை அனுப்பி வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அடையாற்றில் துடுப்பு வலிப்போர், பயிற்சியாளர்கள், படகுத்துறைப் பணியாளர்கள்